கூரையைத் துளைத்து மேலேறும் புகைக்குழாய்: கொழும்பு வீடொன்றில் அதைப் பாதுகாப்பாகப் பொருத்தும் முறை

2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்று களைத்த பின்னர், வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டின் பின்பக்கக் குசினியில் விறகடுப்பு ஒன்றைக் கட்டுவித்தோம். புகை வெளியேறுவதற்காக ஆறு அங்குல விட்டமுள்ள தகரக் குழாய் ஒன்று கூரை வழியாக மேலே ஏற்றப்பட்டது. குழாயைச் சுற்றிக் கூரையில் இருந்த இடைவெளியைக் காட்டி, "அண்ணை, இதுக்குள்ள சீமெந்தை வைச்சுப் பூசிவிட்டா ஒரு சொட்டுத் தண்ணியும் இறங்காது" என்று வேலைக்கு வந்தவர் சொன்னார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. மூன்று மாதங்களுக்குப் பிறகு, அடுப்பு அணைந்து நெடுநேரம் ஆகியும் விட்டுப் போகாத ஒரு கருகல் மணத்தைத் தேடிச் சீலிங் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தச் சீமெந்தோடு முட்டிக்கொண்டிருந்த சிலாகை, அதாவது கூரையைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டம், ஒரு சாண் நீளத்துக்குக் கரியாகியிருந்தது. விரல் பட்டவுடன் மரம் செதில் செதிலாக உதிர்ந்தது. அதில் அறைந்திருந்த ஆணி பிடிப்பில்லாமல் கையோடு வந்தது. அன்றைக்கே அடுப்பை நிறுத்திவிட்டு, குழாயை முழுவதுமாக இறக்கி, முறையாகக் கற்றுக்கொண்டு மறுபடி ஏற்றினோம். அந்த இரண்டாவது வேலையில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

சிலாகை ஏன் கருகியது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண மரம் தீப்பற்றுவதற்கு ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் தேவை. ஆனால் அதைவிட மிகக் குறைந்த சூட்டில் மாதக்கணக்காகக் காய்ந்துகொண்டிருக்கும் மரம் உள்ளுக்குள் மெல்ல மெல்லக் கரியாக மாறுகிறது. அவ்வாறு கரியான மரம், புதுமரம் பற்றும் வெப்பத்துக்கு வெகு கீழேயே பற்றிக்கொள்ளும். முதல் நாளில் எதுவும் நடக்கவில்லை என்பதோ, ஒரு வருடமாக எரித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதோ குழாய் பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. சீமெந்து எரியாது என்பது உண்மைதான். ஆனால் அது வெப்பத்தைக் கடத்தும். குழாயின் சூட்டை நேராக மரத்துக்கு எடுத்துச் செல்லும் பாலமாகவே அது எங்கள் கூரையில் இருந்தது. குழாயைச் சுற்றியுள்ள வெற்றிடம் காற்றுக்கு உரியது. அதை எதைக் கொண்டும் அடைக்கக்கூடாது. மழையை வேறு வழியில், குழாயின் வெளிப்புறத்தில், தடுக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் இந்த ஒரு விடயத்தைச் சுற்றியே நடக்கிறது.

இந்த முறை தனிக்கூரை உள்ள வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும். மேல்மாடியில் வேறொரு குடும்பம் இருக்கும் தொடர்மாடியில் விறகடுப்புக்கு இடமில்லை. அதற்கு எந்தக் குழாயும் தீர்வாகாது. கூரையின் அமைப்பை மாற்றவேண்டி வந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன் கொழும்பு மாநகர சபையிலோ உங்கள் பகுதிக்குரிய உள்ளூராட்சி மன்றத்திலோ அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விட்டமும் உயரமும்

மூடிய அடுப்பாக இருந்தால், அடுப்பின் மேல்வாய் எத்தனை அங்குலமோ அதே விட்டமுள்ள குழாயைத்தான் உச்சி வரை கொண்டுபோக வேண்டும். கடையில் கிடைத்தது என்பதற்காக ஆறு அங்குல வாயில் நான்கு அங்குலக் குழாயைச் செருகினால், போக வழியற்ற புகை குசினிக்குள்ளேயே திரும்பும். முன்பக்கம் திறந்திருக்கும் அடுப்புக்கு, அதாவது மேலே தகரக் கூண்டு வைத்துப் புகையைத் திரட்டும் நம் வழக்கமான அடுப்புக்கு, கணக்கு வேறு. திறப்பின் பரப்பளவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத துளைப் பரப்பு குழாய்க்கு இருக்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். 24 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்ட திறப்பின் பரப்பு 432 சதுர அங்குலம். அதில் பத்தில் ஒன்று 43 சதுர அங்குலம். ஏழு அங்குலக் குழாயின் துளைப் பரப்பு 38 சதுர அங்குலமே என்பதால் அது போதாது. எட்டு அங்குலக் குழாய் 50 சதுர அங்குலம் தரும், அதுவே சரியானது.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெளிநாட்டு அடுப்புகளோடு வரும் குறிப்புகள் குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட இலேசானது. அந்த எடை வித்தியாசமே புகையை மேலே இழுக்கிறது. வெளியே 0 பாகையும் குழாய்க்குள் 200 பாகையும் இருந்தால் குழாயின் ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 5.4 பஸ்கால் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவை கிடைக்கும். கொழும்பில் வெளியே 30 பாகை. அதே அடுப்பு, அதே குழாய், ஆனால் மீற்றருக்கு 4.1 பஸ்கால்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட கால்வாசி இழுவையை நம் வெயில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இங்கே குழாயைக் குட்டையாக்கிச் செலவை மிச்சம் பிடிக்க முடியாது. அடுப்பின் வாயிலிருந்து குழாயின் உச்சி வரை 15 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கூரைக்கு மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு ஒன்று உண்டு. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து, சரிவின் உயர்ந்த பக்கத்தில் அளந்தால், குறைந்தது 3 அடி மேலே நிற்க வேண்டும். அத்துடன், குழாயிலிருந்து கிடையாக 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியையும், முகட்டையும் மாடிச் சுவரையும் சேர்த்து, 2 அடியாவது மேவி நிற்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போன்ற இடங்களில் பக்கத்துக் காணியில் உயர்ந்த தொடர்மாடி இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து அந்தக் கட்டடத்தில் மோதிச் சுழன்று இறங்கும்போது, புகையையும் குழாய்க்குள்ளே திருப்பி அழுத்தும். அப்படியான இடத்தில் குழாயின் இடத்தைத் தெரிவதற்கு முன், காற்றுள்ள ஒரு பின்னேரத்தில் கூரைக்கு அருகே ஒரு துணி நாடாவைக் கம்பில் கட்டிப் பிடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு யன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர் ஒருவர் அந்த யன்னலுக்குப் பின்னால் படுத்திருக்கலாம்.

எந்தக் குழாய்

ஒற்றைச் சுவர்க் குழாய், இரட்டைச் சுவர்க் குழாய் என இரண்டு உண்டு. ஒற்றைச் சுவர்க் குழாய் வெறும் தகட்டைச் சுருட்டிச் செய்வது. அடுப்பு எரியும்போது அதன் வெளிப்பக்கமும் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். மரம், பலகை, பிளாஸ்ரிக், திரைச்சீலை என எரியக்கூடிய எதுவாயினும் அதிலிருந்து 18 அங்குலத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். இரட்டைச் சுவர்க் குழாயில் உட்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் வெப்பம் கடத்தாத கனிமக் கம்பளி அடைக்கப்பட்டிருக்கும். பரிசோதிக்கப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து வரும் இத்தகைய குழாய்களுக்குப் பெரும்பாலும் 2 அங்குல இடைவெளி போதும். சரியான எண் குழாயிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதையே பின்பற்ற வேண்டும்.

இதைக் கூரையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆறு அங்குல ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு இரு பக்கமும் 18 அங்குலம் விட்டால், 42 அங்குல அகலத்துக்கு மரமே இல்லாத ஒரு வெளி வேண்டும். நம் வீடுகளில் கைமரங்கள் இரண்டு அடிக்கொன்றாகவோ மூன்று அடிக்கொன்றாகவோ நிற்கின்றன. அந்த வெளி எங்கேயும் கிடைக்காது. இரட்டைச் சுவர்க் குழாயின் வெளிவிட்டம் எட்டு அங்குலம் என்றால், இரு பக்கமும் 2 அங்குலம் விட்டு 12 அங்குலத்துக்குள் வேலை முடிந்துவிடும். எனவே மரக் கூரையைத் துளைக்கும் பகுதியிலும் சீலிங்குக்கு மேலுள்ள முழு நீளத்திலும் இரட்டைச் சுவர்க் குழாயையே பயன்படுத்த வேண்டும். குசினிக்குள், கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மட்டும், 18 அங்குல விதியைக் காத்துக்கொண்டு ஒற்றைச் சுவர்க் குழாயை வைக்கலாம்.

பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கத்தில் தகட்டு வேலை செய்பவர்களிடம் சொல்லி, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை வைத்து இரட்டைச் சுவர்க் குழாய் செய்விப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைத்திறம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குழாயை யாரும் உலையில் வைத்துப் பரிசோதித்ததில்லை. ஆகவே 2 அங்குல இடைவெளியை அதற்கு நம்பிக் கொடுக்க முடியாது. அப்படிச் செய்த குழாயென்றால் ஒற்றைச் சுவருக்கான 18 அங்குலத்தையே விட்டு, குழாய் போகும் இடத்தில் மரத்தை எடுத்துவிட்டுச் சதுர இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டுவதே என் தெரிவு. கூரைச் சட்டகம் ஏற்கெனவே இரும்பாக உள்ள பின்பக்கப் பத்திகளில் இது கடினமல்ல. மரக் கைமரத்தை வெட்டவேண்டி வந்தால், வெட்டப்படும் கைமரத்தின் பாரத்தைப் பக்கத்துக் கைமரங்களுக்கு மாற்றிக் கொடுக்கத் தெரிந்த தச்சரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

அடுப்பை ஒட்டிய பகுதியில் நாகம் (துத்தநாகம்) பூசிய தகரக் குழாயை வைக்கவே கூடாது. நாகம் 419 பாகையில் உருகிவிடும். கடுமையாகச் சூடேறும்போது அதிலிருந்து எழும் ஆவி சுவாசத்துக்குக் கேடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்ற இரு தரங்கள் சந்தையில் உண்டு. காலி வீதிக்குக் கடற்பக்கமாக வீடு இருந்தால், வெளியே நிற்கும் பகுதிக்கு 316 ஐக் கேட்டு வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் மொலிப்டினம் உப்புக்காற்றின் அரிப்பைத் தாங்கும். 304 சில வருடங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் போடத் தொடங்கும்.

கூரையின் வகை

கொழும்பில் பழைய வீடுகளிலும் பின்பத்திகளிலும் அதிகம் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீற். அதைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன்: அதில் கிரைண்டரை வைத்துத் துளை போடாதீர்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. கிரைண்டர் எழுப்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் வீடு முழுவதும் பரவி, நுரையீரலில் ஆண்டுக்கணக்காகத் தங்கும். அது மட்டுமல்ல, அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு கடும் வெப்பத்தில் வெடித்துச் சிதறும் இயல்புள்ளது. குழாய் போகும் வரிசையில் உள்ள முழுச் சீற்றையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதே அலை வடிவமுள்ள உலோகத் தகட்டைப் போட்டு, அந்தத் தகட்டில் துளையிடுவதே சரியான வழி. கழற்றும்போது சீற்றின் மேல் தண்ணீரைத் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும். கொக்கி ஆணிகளின் மரைகளைத் தளர்த்தி எடுக்க வேண்டுமே தவிர, சீற்றை அடித்து உடைத்து எடுக்கக்கூடாது. மூக்கை மறைக்கும் துணிக்கவசம் இதற்குப் போதாது; பீ100 அல்லது எஃப்எஃப்பீ3 தரத்திலான சுவாசக் கவசம் வேண்டும். கழற்றிய சீற்றை இரண்டு மடிப்புத் தடித்த பொலித்தீனால் சுற்றிக் கட்டி, குப்பையோடு போடாமல், அதை எங்கே ஒப்படைப்பது என்று மாநகர சபையிடம் கேளுங்கள். இந்தப் பகுதியை அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிடுவது செலவானாலும் நல்லது. இன்னொன்று: பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் கால் வைத்து நடந்து உள்ளே விழுந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். கொக்கி ஆணிகள் இருக்கும் வரிசையில், குறுக்கு மரங்களின் மேலாக நீண்ட பலகையைப் போட்டு அதன் மேலேயே ஊர்ந்து போக வேண்டும்.

ஓட்டுக் கூரை இதைவிட எளிது. வேண்டிய ஓடுகளைக் கழற்றிவிட்டு, எஞ்சியவற்றை, குழாயைச் சுற்றி மழையைத் தடுக்கும் மழைத்தகட்டின் ஓரத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். உலோகத் தகட்டுக் கூரை இன்னும் எளிது. ஆனால் இவ்விரண்டிலும் கூரைக்குக் கீழே வெயில் தடுப்பதற்காக ஒட்டியிருக்கும் வெள்ளிநிறப் பஞ்சுத்தாளை மறந்துவிடாதீர்கள். மேலே மின்னும் தாளுக்குள் இருப்பது பொலித்தீன் நுரை. அது 110 பாகை அளவில் உருகி, பின் எரியும். குழாயைச் சுற்றி இடைவெளி விட வேண்டிய தூரம் முழுவதும் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். பீ.வீ.சீ. சீலிங்கும் அப்படியே: 80 பாகையிலேயே அது தளர்ந்து தொங்கும். சீலிங்குக்கு மேலே ஓடும் மின்வயர்களையும் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் பிளாஸ்ரிக் குழாய்களையும் முன்கூட்டியே விலக்கிவிடுங்கள்.

கொங்கிறீற் தட்டு எரியாது. அதில் துளையிடும் இடத்தில் கம்பி போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பொறியியலாளரின் வாக்கு வேண்டும். அதைவிட, செங்கற் சுவர் வழியாகக் குழாயை வெளியே எடுத்து, சுவரோரமாக மேலே ஏற்றிவிடலாம். சுவரும் எரியாது என்பதால் துளைக்கும் இடத்தில் ஆபத்து குறைவு. தாழ்வாரத்து மரத்தையும் பீலியையும் தாண்டிப் போகும் இடத்தில் மட்டும் அதே இடைவெளி விதி திரும்ப வரும்.

பொருத்துதல்

தை, மாசி மாதங்களில் கொழும்பில் மழை குறைவு. அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். இடியோசை கேட்டவுடன் கூரையிலிருந்து இறங்கிவிட வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் நீளமான உலோகக் குழாயைக் கூரைக்கு ஏற்றாதீர்கள்.

அடுப்பை அதன் இடத்தில் வைத்து இரசமட்டம் பார்த்த பின்னரே கூரையைத் தொட வேண்டும். சீலிங்கிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை அடுப்பு வாயின் நட்ட நடுவில் அசையாமல் நிற்கும் வரை நகர்த்துங்கள். நூல் தொடும் இடத்தில் சீலிங்கில் ஓர் ஆணியை மேல்நோக்கி அடித்துத் துளையுங்கள். பின் சீலிங்குக்கு மேலே ஏறி, அந்த ஆணித் துளையிலிருந்து கூரை வரை மறுபடி தூக்குக்குண்டால் நேர் பாருங்கள். அப்போது கைமரம் குறுக்கே வந்தால், அடுப்பைச் சில அங்குலங்கள் நகர்த்துவது கைமரத்தை வெட்டுவதைவிட எப்போதும் மேல். அடுப்பை நகர்த்தவே முடியாவிட்டால், 45 பாகை வளைவுகள் இரண்டைப் போட்டுக் குழாயை விலக்கிக் கொண்டுபோகலாம். இரண்டுக்கு மேல் வளைவு வேண்டாம்; 90 பாகை வளைவு இழுவையைக் கொல்லும், புகைக்கரி தங்கும் இடமும் அதுவே. கிடையாகப் போகும் துண்டு ஏதும் இருந்தால் அதற்கு அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிய ஏற்றம் கொடுக்க வேண்டும். குழாய் முகட்டுக்கு அண்மையில் வெளியே வந்தால், மேலே இருந்து வழிந்து வரும் மழைத்தண்ணீர் குறையும், கூரைக்கு மேலே நீட்ட வேண்டிய உயரமும் குறையும்.

சரிந்த கூரையில் வட்டக் குழாய்க்கு வட்டத் துளை பொருந்தாது. சரிவு கூடக் கூடத் துளை முட்டை வடிவாக நீள வேண்டும். கணக்குப் போட விரும்பாதவர்கள், குழாயின் வெளிவிட்டத்தோடு இருபக்க இடைவெளியையும் சேர்த்து ஒரு மட்டையை வட்டமாக வெட்டி, அதைத் தூக்குக்குண்டு நூலில் நடுவே கோத்துக் கிடையாகப் பிடித்து, அதன் விளிம்பில் பல இடங்களிலிருந்து நேர் மேலே கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தில் புள்ளியிட்டு, புள்ளிகளை இணைத்துக்கொள்ளலாம்.

குழாயின் பாரம் அடுப்பின் மேல் விழக்கூடாது. கம்பளி அடைத்த இரட்டைச் சுவர்க் குழாய் எடை கூடியது. அதைத் தாங்குவதற்குச் சீலிங்கில் ஓர் உலோகத் தாங்குபெட்டி, அல்லது கைமரங்களோடு போல்ட் பூட்டிய உலோகத் தாங்கி வேண்டும். சீலிங் திறப்பை மூடும் தகடு எரியாத உலோகமாக இருக்க வேண்டும். எலியும் அணிலும் ஏறாதபடி அது இருக்கட்டும், ஆனால் இடைவெளிக்குள் எந்தப் பஞ்சையும் திணிக்க வேண்டாம். கனிமக் கம்பளியையும்கூட. குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு கூரைத் தடிப்புக்குள்ளோ சீலிங் தடிப்புக்குள்ளோ வராதபடி துண்டுகளின் நீளத்தை முன்பே அளந்து திட்டமிடுங்கள். பிற்காலத்தில் இணைப்பு விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒற்றைச் சுவர்த் துண்டுகளை ஒன்றோடொன்று செருகும்போது நெளித்துச் சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடுப்பின் பக்கமாக, இருக்க வேண்டும். பலர் புகை கசிந்துவிடும் என்று பயந்து இதைத் தலைகீழாகச் செருகுகிறார்கள். குழாய் சரியாக இழுக்கும்போது புகை இணைப்பு வழியே வெளியேறாது, வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். கசிவது கிரியோசோட் எனப்படும் தார் போன்ற கறுப்பு நீர்தான். சுருக்கிய முனை கீழே இருந்தால் அது குழாயின் உட்சுவரிலேயே வழிந்து அடுப்புக்குள் இறங்கி எரிந்துபோகும். ஒவ்வோர் இணைப்புக்கும் சம தூரத்தில் மூன்று திருகாணிகள் பூட்டுங்கள்.

இனி மழை. கூம்பு வைத்த மழைத்தகட்டைக் குழாயின் மேலாக இறக்கும்போது, அதன் மேல்விளிம்பு மேலுள்ள ஓட்டுக்கோ சீற்றுக்கோ அடியிலும், கீழ்விளிம்பு கீழுள்ள ஓட்டுக்கு மேலாகவும் வர வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் எங்கேயும் ஒரு விளிம்பை எதிர்கொள்ளாமல், ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கிப் பீலிக்குப் போக வேண்டும். அலைத்தகட்டுக் கூரையில் மழைத்தகட்டை முகட்டுத் தகட்டின் அடிவரை நீட்டிவிடுவதே நிம்மதி. இங்கேதான் ஒரு பொதுவான தவறு நடக்கிறது: கூம்பைக் குழாயோடு திருகாணி போட்டு இறுக்கிவிடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் நீளும். நான்கு மீற்றர் நீள உட்குழாய் 200 பாகை சூடேறினால் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம், நீளும். அடுப்பு அணைந்ததும் சுருங்கும். வெளிச்சுவர் அவ்வளவு நீளாவிட்டாலும் அதுவும் அசையும். இறுக்கிய திருகாணி சில வாரங்களில் துளையைக் கிழித்து, அந்தக் கிழிசல் வழியே தண்ணீர் இறங்கத் தொடங்கும். கூம்பு கூரைக்கு மட்டும் சொந்தம். குழாய் அதற்குள் தன் பாட்டில் ஏறி இறங்க வேண்டும். கூம்பின் வாயை மூடுவதற்கு, அதற்குச் சற்று மேலே குழாயைச் சுற்றி மழைக் கழுத்துப்பட்டி ஒன்றைப் பூட்டி, அந்தப் பட்டிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மேல்விளிம்பில் மட்டும் உயர்வெப்ப சிலிக்கோனைப் பூசுங்கள். பட்டி குடைபோலக் கூம்பை மூடும். குழாயோடு சேர்ந்து அசையும். அதன் கீழே கூம்பின் வாய் காற்றுக்குத் திறந்திருக்கும். எங்கள் முதல் வேலையில் சீமெந்து செய்ய முயன்றதை இந்தப் பட்டி மரத்துக்கு ஒரு சூடும் கொடுக்காமல் செய்கிறது. மாசி கடைசியில் பூட்டியது. அந்த வருட வைகாசிப் பெருமழையில் சீலிங்குக்கு மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்து பார்த்தேன், சிலாகைகள் காய்ந்தே இருந்தன.

கூரைக்கு மேலே குழாய் 5 அடிக்கு மேல் நீண்டால், காற்றில் ஆடாமல் இரண்டு உலோக முட்டுகளைக் கூரைச் சட்டகத்தோடு இணைத்துப் பூட்ட வேண்டும். உச்சியில் மழைமூடியும், தீப்பொறி தடுக்கும் கம்பி வலையும் வேண்டும். வலைக்கண் அரை அங்குலம் இருக்கட்டும். மிகச் சிறிய கண்ணாக இருந்தால் கரி அடைத்துவிடும், வலையே இல்லாவிட்டால் காகம் கூடு கட்டும். உலோகக் குழாய் வீட்டின் மிக உயர்ந்த பொருளாக நிற்குமானால், மின்னல் பாதுகாப்புக்கான நிலத்தொடுப்பைப் பற்றித் தகுதியுள்ள மின்னியலாளரிடம் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

முதல் நெருப்பும் அதற்குப் பிறகும்

முதல் நாளில் ஒரு பிடி சிரட்டையும் காய்ந்த பாளைச் சிராயும் போதும். எரியும்போது ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் எரியும் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். அதன் புகை இணைப்பை நோக்கி இழுபட்டால் குழாய் இழுக்கிறது, விலகி வந்தால் எங்கோ அடைப்பு. குசினியின் மின்விசிறி காற்றை வெளியே தள்ளும் வகையென்றால் அடுப்பு எரியும்போது அதை நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது குழாயின் புகையைக் கீழே இழுக்கும். ஒரு யன்னலையாவது திறந்து வையுங்கள். வெளியேறும் புகைக்கு ஈடான காற்று உள்ளே வந்தாக வேண்டும். எரிதல் குறைவுபடும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுத்த நாள் வழக்கமான சமையல் நெருப்பை இரண்டு மணித்தியாலம் எரித்து, சீலிங்குக்கு மேலே போய், குழாய்க்கு மிக அருகில் உள்ள மரத்தில் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் அடுப்பை அணைத்துவிட்டு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும்.

விறகைக் காயவைத்து எரிப்பது குழாயின் ஆயுளைத் தீர்மானிக்கும். நனைந்த றப்பர் விறகும் மழையில் கிடந்த பொச்சும் குளிர்ந்த, நீராவி நிறைந்த புகையைத் தரும்; அந்தப் புகை குழாயின் மேற்பகுதியில் கிரியோசோட்டாகப் படியும். படிவு 3 மில்லிமீற்றர் தடித்தால் தூரிகை போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. தினமும் எரிப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எப்போதாவது ஒடியற்கூழுக்கும் பொங்கலுக்கும் மூட்டுபவர்கள் மழை தொடங்குமுன் ஒருமுறை பார்த்தால் போதும். அப்போதே மழைக் கழுத்துப்பட்டியின் சிலிக்கோன் விட்டிருக்கிறதா, முட்டுகளின் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, வலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாய்க்குள் படிவு தீப்பற்றினால், புகைவண்டி வருவது போன்ற இரைச்சல் கேட்கும், தகடு சிவக்கலாம். உள்ளே வெப்பம் 1000 பாகையைத் தாண்டும். அடுப்பின் காற்று வழிகள் அனைத்தையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், தீயணைப்புப் படைக்கு 110 ஐ அழையுங்கள். கொதிக்கும் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீரெனக் கிளம்பும் நீராவி குழாயைப் பிளந்துவிடும். நெருப்பு தானாக அடங்கிவிட்டாலும், சீலிங்குக்கு மேலே உள்ள மரங்களைத் தீயணைப்பாளர்கள் பார்த்துச் சொல்லும் வரை வீட்டுக்குள் திரும்ப வேண்டாம். அதன் பிறகு குழாயைத் துண்டு துண்டாக இறக்கி, ஒவ்வொரு பொருத்துவாயையும் கையால் தடவிப் பார்த்து, வளைந்ததையும் நிறம் மாறியதையும் ஒதுக்கிவிட்டே மறுபடி ஏற்ற வேண்டும்.